வெள்ளி என்று வந்த பித்தளைக் காசு: இணையத்தில் வாங்கிய பழம்பொருள் வேறாக இருந்தால் என்ன செய்யலாம்?

அப்பா அதை உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். "உது அந்தப் பாரம் இல்லைத் தம்பி" என்றார்.

அவருடைய எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு நான் கொடுத்த பரிசு அது. புத்த ஜயந்தியின் 2500 ஆம் ஆண்டு நினைவாக 1957 ஆம் ஆண்டு இடப்பட்டு வெளிவந்த ஐந்து ரூபா வெள்ளி நாணயம். அப்பாவிடம் அப்படி ஒன்று இருந்தது, தாத்தா கொடுத்தது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அது அலுமாரிக்குள் விடுபட்டுப் போனது. அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தால் அலுமாரியே இல்லை.

பல மாதங்களாகத் தேடி, முகநூலில் இயங்கும் ஒரு சேகரிப்பாளர் குழுவில்தான் அதைக் கண்டேன். விற்றவர் தெற்கிலுள்ள ஒரு நகரத்தவர். "அசல் வெள்ளி, புழக்கத்தில் விடப்படாதது, உத்தரவாதம் உண்டு" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். விலை 18,500 ரூபா. அவருடைய வங்கிக் கணக்குக்கு முழுத்தொகையையும் போட்டேன். நான்காம் நாள் கூரியரில் காசு வந்தது.

அன்றிரவு அவருடைய படத்தோடு "கள்ளன்" என்று அதே குழுவில் எழுதவே கை துடித்தது. கனடாவிலிருக்கும் அக்காதான் தடுத்தாள். எழுதியிருந்தால் ஐந்து நிமிடத்தில் அவர் தன் பதிவை அழித்துவிட்டு என்னையும் தடுத்திருப்பார். பிறகு என்னிடம் மிஞ்சுவது ஒரு பித்தளைத் துண்டும் என் வாய்ச்சொல்லும் மட்டும்தான். இப்படிப்பட்ட பிணக்குகளில் விற்பவர் காசு வாங்குமுன் தன் கையால் எழுதிய விவரணம்தான் முழு வழக்கும். விலை கூடிப்போனது என்று வாதாட முடியாது, அந்த விலைக்கு நாங்கள்தான் சம்மதித்தோம். "வெள்ளி என்று எழுதினீர்கள், வந்தது வெள்ளி இல்லை" என்பதற்கு மட்டும்தான் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆகவே முதலில் திரைப்பிடிப்புகள். பதிவு முழுவதும், திகதி தெரியும்படி. அவருடைய பக்கத்தின் இணைப்பு. ஆரம்பத்திலிருந்து எங்கள் உரையாடல். வங்கிப் பற்றுச்சீட்டு. கூரியர் உறையையும் எறியவில்லை, அதில்தான் அவருடைய முகவரியும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. கூடவே, அதே குழுவில் அவர் விற்பனைக்குப் போட்டிருந்த வேறு நாற்பது வரையான பதிவுகளையும் படமெடுத்து வைத்தேன். அது ஏன் தேவைப்பட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன். பொதியைப் பிரிக்கும்போது ஒரே ஓட்டத்தில் எடுத்த காணொளியும் இருந்தது. அதை முன்யோசனையோடு எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அக்காவுக்கு அனுப்பத்தான் எடுத்தேன்.

அடுத்தது, பொருள் வேறுதான் என்று நிறுவுவது. கஸ்தூரியார் வீதியில் தெரிந்த ஒரு நகைத் தொழிலாளி உரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம் என்று கையை நீட்டினார். கொடுத்திருந்தால் காசில் கீறல் விழுந்திருக்கும். "நீ பழுதாக்கிவிட்டாய், திருப்பி எடுக்கமாட்டேன்" என்று சொல்ல விற்றவருக்கு அது போதும். தேய்க்கவோ கழுவவோ மினுக்கவோ கூடாது. உண்மையான காசாக இருந்தாலும் மினுக்கினால் சேகரிப்பாளரிடம் அதன் மதிப்பு விழுந்துவிடும்.

கீறாமல் பார்க்க வழி உண்டு. இந்த நாணயம் 92.5 வீத வெள்ளி, நிறை 28.28 கிராம், விட்டம் ஏறக்குறைய 38.6 மில்லிமீற்றர். என்னுடையது விட்டத்தில் சரியாக இருந்தது, நிறையில் 23.5 கிராம்தான். பின்னர் மின்தராசில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து, வாசிப்பைப் பூச்சியமாக்கி, காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். தராசு 2.7 கிராம் காட்டியது. காசின் நிறையை அந்த எண்ணால் பிரித்தால் அடர்த்தி வரும். எனக்கு வந்தது 8.7. இந்தத் தரத்து வெள்ளிக்கு 10.3க்கு மேல் வரவேண்டும். 8.7 பித்தளையை ஒட்டிய கணக்கு. இதையும் காணொளியாக எடுத்தேன். காந்தம் வைத்துப் பார்ப்பது போதாது, பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது.

எல்லாப் பொருளுக்கும் இவ்வளவு தெளிவான எண் கிடைக்காது. "புதிதுபோல" என்று வந்த முத்திரையின் பின்புறம் மறுபடி பசை பூசப்பட்டிருக்கலாம், "நல்ல நிலை" என்ற இசைத்தட்டு கீறிக் கிடக்கலாம். நிலை பற்றிய சொற்களில் அபிப்பிராய பேதத்துக்கு இடமுண்டு. அதனால் வாங்குமுன்பே "பசை அசலா? எங்காவது திருத்தியிருக்கிறதா?" என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிவைப்பது நல்லது.

பிறகு, பணம் போன வழி. வங்கிப் பரிமாற்றம்தான் மிகப் பலவீனமானது, போன காசை வங்கி தானாக மீட்டுத் தராது. அட்டையில் கட்டியிருந்தால் அட்டை வழங்கிய வங்கியிடம் அந்தக் கொடுப்பனவை எதிர்த்து முறையிடலாம். ஈபேயில் வாங்கியிருந்தால் பொருள் வந்து 30 நாட்களுக்குள் "விவரித்தபடி இல்லை" என்று அங்கேயே முறையிட வேண்டும். விற்றவர் மூன்று வேலைநாட்களில் தீர்க்காவிட்டால் ஈபேயைத் தலையிடக் கேட்கலாம். பேபாலில் 180 நாட்கள் உண்டு. ஆனால் பிணக்கைத் திறந்து 20 நாட்களுக்குள் அதை உரிமைக்கோரலாக உயர்த்தாவிட்டால் அது தானாக மூடிவிடும். "வெளியே பேசித் தீர்ப்போம், முறைப்பாட்டை மூடுங்கள்" என்று விற்பவர் கேட்டால் மூடாதீர்கள்.

எனக்கு இவை எதுவும் இல்லை. விற்றவருக்கு முதலில் மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினேன். "மல்லி, நான் வாங்கியபடிதான் விற்றேன்" என்றார். அடுத்த நாள், "நீங்கள் காசை மாற்றியிருக்கலாம்" என்றார். காணொளியை அனுப்பினேன். பதில் நின்றது.

கந்தோர் நண்பர் ஒருவரின் உதவியோடு சிங்களத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவர் எழுதிய சொற்கள், அளந்த எண்கள், கேட்பது முழுப்பணம், கெடு 14 நாட்கள், தவறினால் எங்கே முறையிடுவேன் என்பது. வசைச்சொல் ஒன்றும் இல்லை.

எங்கே முறையிடலாம்? 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வர்த்தகர் ஒருவர் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடைசெய்கிறது. முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் போக வேண்டும். விற்பவரோடு இழுபட்டு அந்தக் காலத்தைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. அதிகாரசபையின் துரித இலக்கம் 1977. சட்டம் பேசுவது வர்த்தகரைப் பற்றி. "நான் வியாபாரி இல்லை, வீட்டில் கிடந்ததை விற்றேன்" என்று அவர் சொன்னால்? அதற்குத்தான் அந்த நாற்பது பதிவுகள்.

உண்மையிலேயே தனியாள் என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது. சிறு தொகைப் பிணக்குகள் நீதிமன்றம் போகுமுன் அங்கே போகவேண்டும். சபை தீர்ப்புச் சொல்லாது, இணங்கவைக்கப் பார்க்கும். இணங்காவிட்டால் அதற்கான சான்றிதழைத் தரும். அப்படி வழக்கு வரை போனால், விவரணத்தைப் பார்த்து வாங்கிய பொருள் விவரணத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்று 1896 இலிருந்தே பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் சொல்கிறது. கைபேசிச் செய்திகளும் சான்றாகலாம், 2006 ஆம் ஆண்டின் மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் தந்திருக்கிறது. பொலிஸுக்கும் போகலாம். ஆனால் ஏமாற்றுதல் குற்றமாக வேண்டுமானால், தெரிந்தே ஏமாற்றினார் என்று காட்ட வேண்டும். பித்தளை என்று அவருக்குத் தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கடிதம் போய் ஒன்பதாம் நாள் அவரே எடுத்தார். தானும் இன்னொருவரிடம் நம்பி வாங்கியது என்றார். இருக்கலாம். காசை அனுப்பினால் பணம் போடுவதாகச் சொன்னார். பணம் போட்டால் காசை அனுப்புகிறேன் என்றேன். அதில் இரண்டு நாள் போனது.

முடிச்சை அவிழ்த்தவர் அப்பா. "வி.பி.பி.யிலை போடன்" என்றார். தபாற்கந்தோரில் பெறுமதியைக் குறித்துப் பொதியைக் கொடுத்தால், பெறுபவர் அந்தத் தொகையைக் கட்டித்தான் பொதியை எடுக்கலாம். பணம் தபால் வழியாக அனுப்பியவருக்கு வந்து சேரும். பழைய முறை, நான் மறந்தே போயிருந்தேன். விற்றவரும் சம்மதித்தார். 18,500 ரூபா திரும்பி வந்தது. அனுப்பிய செலவும் முதல் கூரியர் செலவும் என் கணக்கில்.

அந்தக் குழுவில் அதே காசு பிறகும் இரண்டு தரம் விற்பனைக்கு வந்தது, வேறு ஆட்களிடமிருந்து. இரண்டு பேரிடமும் தராசில் வைத்துப் படம் அனுப்பச் சொன்னேன். ஒருவர் அனுப்பவில்லை. மற்றவரின் படத்தில் 28.2 இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "வெள்ளி விலை கொஞ்சம் இறங்கட்டும்" என்றார்.