ஏழு பொத்தானில் ஏழு சுரம்

1995இல் டயலொக் இலங்கையில் ஜிஎஸ்எம் சேவையைத் தொடங்கிய காலத்தில், போனோடு வந்த மணியே மணி. அவற்றில் நோக்கியா மெட்டு, ஸ்பானிய கிட்டார் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரெகாவின் 1902ஆம் ஆண்டுப் படைப்பிலிருந்து எடுத்தது. கண்டி பஸ்ஸில் அது ஒலித்தால் நாலைந்து பேர் சட்டைப்பையைத் தடவுவார்கள்.

2000இல் வந்த நோக்கியா 3310இல் மெட்டை நாமே கட்டலாம். 1 முதல் 7 வரை சங்கராபரணத்தின் ச ரி க ம ப த நி. 8 சுரத்தைக் குறுக்கும், 9 நீட்டும், 0 இடைவெளி. நட்சத்திரக்குறி ஸ்தாயியை மாற்றும். பொறுமையிருந்தால் இளையராஜாவின் பல்லவியொன்றை அழுத்தி எடுத்துவிடலாம். கமகம் மட்டும் வராது.

எம்பி3 போன்கள் வந்ததும் வேலை கடைக்குப் போனது. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தை அண்டிய கடைகளில் ரீலோட் போட வந்தவர் மெமரி கார்டையும் கழற்றி நீட்டுவார். கலஹா பஸ் புறப்படுமுன் பாட்டு ஏறியாக வேண்டும். பல்லவியை வெட்டுவதா, இடையில் வரும் வயலினையா? முன்னிசை நீண்ட பாட்டை அப்படியே வைத்தால் குரல் தொடங்குமுன் அழைப்பே நின்றுவிடும்.

பிறகு ரிங்டிராய்ட் போன்ற ஆண்ட்ராய்ட் செயலிகள் வந்தன. ஒலி அலையின் இரு முனைகளை விரலால் இழுத்தால் போதும். ஐபோன்காரர்தான் கரேஜ்பேண்ட் செயலியைத் திறந்து 30 விநாடிக்குள் நறுக்க வேண்டியிருந்தது. விலை கூடிய போனில்தான் சுற்றும் அதிகமாயிருந்தது.