மருந்து இருந்தவன் கோட்டை

துப்பாக்கி வாங்குவது ஒருநாள் செலவு; தோட்டா வாங்குவது வாழ்நாள் செலவு. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பின், புதிய சட்டம் வரக்கூடும் என்ற அச்சத்தில் அந்நாட்டுத் துப்பாக்கி உரிமையாளர்கள் கடைகளில் கிடைத்த தோட்டாக்களையெல்லாம் வாங்கிக் குவித்தார்கள். மிக மலிவான .22 தோட்டாவுக்கே பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டது. விலை பன்மடங்கு ஏறியது. 2020இல் கொரோனாக் காலத்தில் அதே காட்சி மீண்டும் அரங்கேறியது. அச்சம், பதுக்கல், விலையேற்றம் என்ற இந்த வரிசை நமக்குப் புதிதன்று. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் கண்டதுதான்.

ஆனால் வெடிமருந்துத் தட்டுப்பாடு ஒரு நாட்டின் தலைவிதியையே மாற்றக்கூடும் என்பதற்குச் சான்று தேடி நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. கே.கே. நகரிலிருந்து எழுதும் நமக்குப் பரங்கிமலை அண்டை அயல்தான். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை அந்த மலைப்பக்கமிருந்துதான் சென்னையை நோக்கி இறங்கி வந்தது. அந்த முற்றுகையை வீரத்தின் கதையாகவே பலரும் சொல்லியிருக்கிறார்கள். நாம் அதை ஒரு சரக்கிருப்பின் கதையாகப் படித்துப் பார்ப்போம்.

லாலி 1758 ஏப்ரல் இறுதியில் பாண்டிச்சேரியில் வந்திறங்கினார். ஜூன் 2ஆம் நாள் கடலூரின் புனித டேவிட் கோட்டை அவர் கைக்கு வந்தது. அடுத்து சென்னைதான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் பாண்டிச்சேரிக் கருவூலம் வற்றிக் கிடந்தது. சென்னைக்குப் போகக் காசில்லாத தளபதி, பழைய கடன் பத்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு தெற்கே தஞ்சாவூருக்குப் போனார். மன்னர் பிரதாப சிங்கிடம் அவர் கேட்ட தொகை 56 இலட்சம் ரூபாய். வழியில் நாகூர் சூறையாடப்பட்டது. படைக்கு வேண்டிய மருந்துக்காக நாகப்பட்டினத்து டச்சுக்காரரிடமும் தரங்கம்பாடி டேனியரிடமும் கையேந்த நேர்ந்தது.

ஆகஸ்டுத் தொடக்கத்தில் தஞ்சைக் கோட்டையின் மீது பீரங்கிகள் முழங்கின. மதிலில் உடைப்பும் விழத் தொடங்கியது. அந்த நேரத்தில் கையிருப்பைக் கணக்கெடுத்தபோது, பீரங்கிகளுக்கு 150 முறை சுடத்தான் மருந்து இருந்தது. சிப்பாய் ஒருவனுக்கு 20 தோட்டாகூடத் தேறவில்லை. காரைக்கால் அருகே ஆங்கிலக் கப்பற்படை மேலோங்கி நிற்கிறது என்ற செய்தியும் வந்து சேர்ந்தது. ஆகஸ்டு 10ஆம் நாள் முற்றுகை கைவிடப்பட்டது. தஞ்சையைக் காத்ததில் அதன் குதிரைப்படைக்குப் பங்குண்டு. லாலியின் காலி மருந்துப் பீப்பாய்களுக்கும் பங்குண்டு.

இந்த அலைச்சலில் கழிந்த மாதங்கள் சென்னைக்குக் கிடைத்த கொடை. ஆளுநர் ஜார்ஜ் பிகட்டும் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸும் கோட்டையைப் பழுதுபார்த்தார்கள், தானியம் சேர்த்தார்கள், மருந்தும் குண்டும் குவித்தார்கள். தனிமனிதன் செய்தால் பதுக்கல் என்கிறோம். அரசு செய்தால் முன்யோசனை என்கிறோம். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு எங்கே என்பதை வாசகர்கள் யோசிக்கட்டும்.

டிசம்பர் 14ஆம் நாள் பிரெஞ்சுப்படை கருப்பர் பட்டணத்துக்குள் புகுந்தது. இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் பகுதி அன்று அந்தப் பட்டணத்தில்தான் இருந்தது. 1759 ஜனவரி 2 முதல் கோட்டையின் மீது குண்டுமழை. கோட்டையும் சளைக்காமல் திருப்பிச் சுட்டது. கம்பெனியின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம், ஒரு கணக்கப்பிள்ளையின் பொறுமையோடு அந்தச் செலவைப் பதிந்து வைத்திருக்கிறார்: பீரங்கிக் குண்டுகள் 26,554, வெடிக்கும் குண்டுகள் 7,502, கைக்குண்டுகள் 1,990, துப்பாக்கித் தோட்டாக்கள் இரண்டு இலட்சம், வெடிமருந்து 1,768 பீப்பாய். சராசரியாக நாளொன்றுக்கு 27 பீப்பாய் கரைந்தது என்று கொள்ளலாம்.

முற்றுகை முடிந்தபின் எஞ்சியிருந்தவற்றையும் அவர் தருகிறார். இரும்புக் குண்டுகள் முப்பதாயிரத்துக்கு மேல் மிச்சம். ஆனால் வெடிக்கும் குண்டுகள் 481தாம். மருந்து 668 பீப்பாய்தான். அதாவது சேர்த்து வைத்த மருந்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தீர்ந்துவிட்டது. வென்ற கோட்டையின் நிலையே இதுவென்றால் வெளியே நின்றவர்களின் நிலையை ஊகிப்பது கடினமன்று. லாலியின் வெடிகுண்டுகள் முற்றுகை முடிவதற்குச் சில வாரங்கள் முன்பே தீர்ந்துவிட்டன. சம்பளம் காணாத வீரர்கள் முணுமுணுத்தார்கள். செங்கல்பட்டுப் பக்கமிருந்து யூசுப்கானின் சிப்பாய்கள் அவர்களது உணவு வரத்தைத் தொல்லைப்படுத்தினார்கள். பாண்டிச்சேரி அதிகாரிகளும் ஒப்பந்தக்காரர்களும் படையின் தேவையில் ஆதாயம் பார்க்கிறார்கள் என்று லாலி ஓயாமல் குற்றஞ்சாட்டினார். அவர்களோ அவர் மீதே குற்றஞ்சாட்டினார்கள். பிப்ரவரி 16ஆம் நாள் மாலை ஆறு ஆங்கிலக் கப்பல்கள் அடிவானத்தில் தெரிந்தன. மறுநாள் விடிவதற்குள் பிரெஞ்சுப்படை 52 பீரங்கிகளை விட்டுவிட்டுப் போய்விட்டது.

ஏன் ஒரு தரப்புக்கு மருந்து வந்துகொண்டே இருந்தது, மறு தரப்புக்கு வரவில்லை? கடலை ஆண்டவர்கள் ஆங்கிலேயர் என்பது தெரிந்த விடை. 1758 செப்டம்பர்த் தொடக்கத்திலேயே பிரெஞ்சுக் கப்பற்படை மொரீஷியசுக்குப் போய்விட்டது. அதிகம் பேசப்படாத இன்னொரு விடை பீகாரின் மண்ணில் இருக்கிறது.

வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். கரி எங்கும் கிடைக்கும். நல்ல வெடியுப்பு அன்றைய உலகத்துக்குப் பெரும்பாலும் பாட்னா வட்டாரத்திலிருந்துதான் போயிற்று. பழைய குடியிருப்புகளின் மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, காய்ச்சி உப்பெடுத்தவர்கள் நுனியா என்னும் ஏழைச் சாதியார். ஆங்கிலேயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் எல்லோரும் அந்தச் சந்தையில் போட்டியிட்டு வாங்கினார்கள். 1757 மார்ச்சில் பிரெஞ்சுக்காரரின் சந்திரநாகூர் விழுந்தது, ஜூனில் பிளாசி. 1758இல் கிளைவ், மீர் ஜாபரிடமிருந்து வெடியுப்பின் ஏகபோக உரிமையையே கம்பெனிக்குப் பெற்றுவிட்டார். தஞ்சைக்கு வெளியே லாலி தோட்டாக்களை எண்ணிக்கொண்டிருந்த அதே ஆண்டு! இனி மற்ற ஐரோப்பியர் அந்த உப்பைக் கம்பெனி சொன்ன அளவில், சொன்ன விலையில்தான் வாங்க முடியும். உலகின் மிகப்பெரிய பதுக்கல் ஓர் ஒப்பந்தத் தாளில் நடந்தேறியது.

தமிழ்நாட்டுக் களத்தில் அன்று சுடப்பட்ட மருந்து முழுவதும் பாட்னா உப்பு என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் நீண்ட போரில் யார் தாக்குப்பிடிப்பார் என்பதை அந்தத் தாள் தீர்மானித்தது. 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி பட்டினியால் பணிந்தது. அந்நகரின் பண முடையை நாட்குறிப்பில் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை, நகர் விழும் தறுவாயில் மறைந்தார். லாலியை 1766இல் பாரிசில் சிரச்சேதம் செய்தார்கள். பிரான்சு பாடம் கற்க மேலும் சில ஆண்டுகள் ஆயின: 1775இல் வேதியியலறிஞர் லவாய்சியரை வெடிமருந்து நிர்வாகத்தில் அமர்த்தி, உள்நாட்டிலேயே வெடியுப்பு எடுக்க முனைந்தது.

ஐரோப்பியப் போட்டியாளரை ஒழித்த கம்பெனி அடுத்துத் தென்னாட்டுப் பாளையங்களின் பக்கம் திரும்பியது. 1799இல் கட்டபொம்மன், 1801இல் மருது சகோதரர், ஊமைத்துரை என்று தூக்குமரங்கள் நின்றன. 1801 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்பாளையங்களில் துப்பாக்கியும் வேலும் உட்பட எல்லா ஆயுதங்களையும் ஒப்படைக்க வேண்டும். மீறினால் மரண தண்டனை. இவர் பாட்னா உப்பை வளைத்த ராபர்ட் கிளைவின் மகன். தந்தை உப்பை எடுத்துக்கொண்டார். மகன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். 1878இல் வந்த லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் நாடு முழுமைக்கும் உரிம முறையை இறுக்கியது. துப்பாக்கிக்கு மட்டுமன்று, தோட்டாவுக்கும் அரசின் அனுமதி என்றாயிற்று.

விடுதலைக்குப் பின் 1959இல் இயற்றிய சட்டமும் அந்த அடிப்படையை மாற்றவில்லை. உரிமம் பெற்றவர் எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதை அரசே வரையறுக்கிறது. 1980களில் இறக்குமதியும் பெரிதும் நிறுத்தப்பட்டது. இதனால் கைத்துப்பாக்கி வைத்திருப்போர் தட்டுப்பாட்டையும் விலையையும் சொல்லிப் புலம்புவதுண்டு. குடிமக்கள் கையில் தோட்டா குறைவாக இருப்பது நல்லதே என்பது நம் கருத்து; அமெரிக்கச் செய்திகளைப் படிக்கும்போது அது உறுதிப்படுகிறது. ஆயினும் இந்தக் கட்டுப்பாடு நம் அமைதிக்காகப் பிறந்ததன்று, நம்மை அடக்கப் பிறந்தது என்பதையும் மறக்கலாகாது.

கோட்டை அருங்காட்சியகத்துக்குச் செல்லும் நண்பர்கள் பீரங்கிகளின் அருகே நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். பீரங்கி வைத்திருந்தவர்கள் அன்று பலர். நுனியாவின் அடுப்பில் காய்ந்த அந்த உப்பை வைத்திருந்தவர்கள்தாம் சிலர். அந்த உப்புக்கென்று அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பேழை வைத்தாலும் தகும்.