வெள்ளைநிற உழவு இயந்திரம்: தொழிற்சாலை பூசியதா, பின்னர் பூசியதா?

சரித்திர ஆதாரம் என்றதும் எமக்குக் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே நினைவுக்கு வருகின்றன. ஓர் இயந்திரத்தின் மீது பூசப்பட்ட நிறமும் ஆதாரமாகலாம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் எனக்கு எழுதிய மடலில் இது பற்றிய கேள்வி ஒன்று இருந்தது. அவருடைய அயலவரான விவசாயியிடம் பழைய 'பார்மோல் கப்' உழவு இயந்திரம் ஒன்று உள்ளது. சிவப்புப் பூச்சு உரிந்த இடங்களில் வெள்ளை தெரிகிறதாம். அது தொழிற்சாலையிலிருந்தே வந்த நிறமா, யாரோ இடையில் பூசியதா? எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுப் புதிதாகச் சிவப்புப் பூசுவதற்கு ஆள் பேசியாகிவிட்டது. சுரண்டிய பிறகு இக்கேள்விக்கு எவராலும் விடை சொல்ல முடியாது என்பதால் உடனே பதில் எழுதினேன். வாசகர்களுக்கும் பயன்படும் என்று அதனை விரித்து இங்கே தருகிறேன்.

'பார்மோல்' என்பது ஐக்கிய அமெரிக்காவின் இன்ரநஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் தன் உழவு இயந்திரங்களுக்கு இட்ட பெயர். தொடக்கத்தில் அவை சாம்பல் நிறத்திலேயே வெளிவந்தன. 1936 இன் பிற்பகுதியில் நிறுவனம் சிவப்புக்கு மாறியது. அதன் பின்னர் பார்மோல் என்றாலே சிவப்பு என்றாகிவிட்டது. சிறு விவசாயிகளை நோக்கி 1947 இல் வெளியிடப்பட்ட 'கப்', நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ 10 குதிரைவலுவும் கொண்ட சிறிய இயந்திரம். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், முன்னர் விமானங்கள் கட்டப்பட்ட தொழிற்சாலையொன்றில் அது உருவாகியது.

1950 ஆம் ஆண்டு பிறந்தபோது, நூற்றாண்டின் நடுப்பகுதியை எட்டியதை முன்னிட்டு நிறுவனம் ஒரு விற்பனை முயற்சியில் இறங்கியது. அவ்வாண்டின் முதல் மாதங்களில் கப், சுப்பர் ஏ, சி ஆகிய சிறிய வகை இயந்திரங்களில் ஒரு பகுதி சிவப்புக்குப் பதிலாக வெள்ளை பூசப்பட்டு முகவர்களுக்கு அனுப்பப்பட்டது. கிராமத்து வயலில் வெள்ளை இயந்திரம் ஓடினால் தெருவால் போகிறவன் நின்று பார்ப்பான் அல்லவா? செய்து காட்டும் வேலை முடிந்ததும் முகவர் அதற்குச் சிவப்புப் பூசி விற்க வேண்டும் என்பதே ஏற்பாடு. பலர் அவ்வாறே செய்தனர். சிலர் வெள்ளையாகவே விற்றுவிட்டனர்.

ஆகவே வெள்ளை பார்மோல் என்பது கட்டுக்கதையன்று. ஆனால் வெள்ளையாகத் தெரியும் ஒவ்வொன்றும் அந்த 1950 ஆம் ஆண்டு இயந்திரமும் அன்று. அரிதான பொருளுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்பதை அறிந்து சாதாரண சிவப்பு இயந்திரத்துக்கு வெள்ளை அடிக்கவும் ஆட்கள் இருப்பார்கள். எப்படிப் பிரித்தறிவது?

முதலில் காலத்தைப் பார்க்க வேண்டும். தொடரிலக்கம் பொறித்த தகடு, அந்த இயந்திரம் 1950 இன் முற்பகுதியில் தயாரானதா என்பதைக் காட்டும். தகட்டைக் கழற்றி வேறொன்றில் அறைந்துவிடலாம். வார்ப்பிரும்பில் உள்ள குறியை அப்படி மாற்ற முடியாது. இந்நிறுவனத்தின் பெரிய வார்ப்புகளில் மாதம், நாள், ஆண்டைக் குறிக்கும் எழுத்து ஆகியன வார்க்கும்போதே பதிக்கப்பட்டன. வார்ப்பின் திகதி இயந்திரம் பொருத்தப்பட்ட காலத்துக்குச் சற்று முந்தியதாக இருக்க வேண்டும். பிந்தியதாக இருந்தால் அந்தப் பாகம் வேறெங்கிருந்தோ வந்தது.

அடுத்தது பூச்சுகளின் வரிசை. முழு விடயமும் தங்கியிருப்பது இதில்தான். இரும்பு, அடிப்பூச்சு, வெள்ளை, அதன் மேல் சிவப்பு என்று அடுக்கு அமைந்திருந்தால் வெள்ளை முதலில் வந்தது. வெள்ளைக்கு அடியில் சிவப்பு இருந்தால் அது பின்னாளைய கைவேலை. விரல்நுனியளவு இடத்தை மெல்லிய உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்தால் மரத்தின் ஆண்டு வளையங்கள் போல அடுக்குகள் தெரியும். உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்க்கலாம். அடுக்குகளுக்கு இடையில் எண்ணெய்ப் பிசுக்கோ துருவோ இருந்தால், இடைக்காலத்தில் இயந்திரம் வயலில் உழைத்திருக்கிறது என்று பொருள். வெளிர்நிற அடிப்பூச்சை வெள்ளை என்று மயங்கிவிடவும் கூடாது.

எங்கே தேய்ப்பது என்பதும் முக்கியம். மூடியையும் சேற்றுக்காப்பையும் நம்ப வேண்டாம். அவை இலகுவில் மாற்றப்படுபவை. முகவர் சிவப்புப் பூசியபோது இயந்திரத்தைப் பாகம் பாகமாகக் கழற்றியிருக்க மாட்டார். எனவே எரிபொருள் தாங்கியின் அடிப்புறம், அதனைக் கட்டும் பட்டிகளின் கீழ், மூடியின் உட்பக்கம் போன்ற தூரிகை எட்டாத மூலைகளில் தொழிற்சாலையின் நிறம் எஞ்சியிருக்கும். அங்கு வெள்ளை இருந்து, பெரிய வார்ப்புகளிலும் அதே வரிசை தெரிந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

மூன்றாவது சான்று புகைப்படம். பத்திரிகைக் காரியாலயத்தில் கறுப்பு வெள்ளைப் படங்களோடு காலம் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். அத்தகைய படத்தில் சிவப்பு கரிய சாயலாகவே விழும். வெள்ளை பளிச்சென்று நிற்கும். குடும்பத்தின் பழைய அல்பத்தில் அந்த இயந்திரத்தின் படம் ஒன்று கிடைத்தால் அது நல்ல சாட்சி. எனினும் வெளிர் மஞ்சளும் படத்தில் வெள்ளை போலத் தோன்றக்கூடும். பூச்சு அடுக்குக்குத் துணையாக மட்டுமே படத்தைக் கொள்ள வேண்டும்.

நிறத்தால் காலத்தைக் கணிக்கும் வழக்கம் பார்மோலுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் டகெனம் தொழிற்சாலையில் தயாரான போர்ட்சன் இயந்திரங்கள் முதலில் நீலமாக இருந்து, 1937 இல் செம்மஞ்சளாகி, இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பச்சையாக மாறின. வானிலிருந்து பார்க்கும் பகை விமானிக்கு வயலில் அவை துலங்கித் தெரியக்கூடாது என்பதே காரணம் என்பர். எம்மவர் நன்கறிந்த மாசி பேர்கூசனின் சிவப்பும் 1957 இன் முடிவில் வந்ததே. அதற்கு முந்திய பேர்கூசன் சாம்பல் நிறம்.

இனி ஒரு சிக்கலான கேள்வி. நண்பரின் அயலவர் வைத்திருப்பது உண்மையிலேயே 1950 ஆம் ஆண்டு வெள்ளை இயந்திரமாக இருந்தால் அதன் அசல் நிறம் எது? தொழிற்சாலை பூசியது வெள்ளை. ஆனால் அதன் மீது சிவப்புப் பூசச் சொன்னதும் அதே நிறுவனந்தான். சிவப்பைச் சுரண்டி வெள்ளையை வெளிக்கொணர்ந்தால் முகவர் செய்த வேலையின் சான்று அழியும். இரண்டையும் சுரண்டிப் புதிதாகப் பூசினால் கதை முழுவதும் அழியும். இரண்டு நிறங்களும் அந்த இயந்திரத்தின் வரலாறே என்பது என் கருத்து.

இன்ரநஷனல் ஹார்வெஸ்டரின் விவசாய இயந்திரப் பிரிவு 1985 இல் கைமாறியது. அதன் ஆவணங்களின் பெருந்தொகுதி விஸ்கொன்சின் வரலாற்றுச் சங்கத்திடம் பாதுகாப்பாக உள்ளது. காகிதத்தைக் காக்க அங்கே ஆட்கள் இருக்கின்றனர். இயந்திரத்தின் மேலுள்ள பூச்சைக் காக்க அதன் சொந்தக்காரரைத் தவிர வேறு எவருமில்லை. அதனால் நண்பருக்கு நான் எழுதியது இதுதான்: பூசுபவரை ஒரு கிழமை பொறுக்கச் சொல்லுங்கள், முதலில் வார்ப்புக் குறிகளையும் அடுக்குகளையும் படம் பிடித்துக் குறித்து வையுங்கள், மறுபடி பூசத்தான் வேண்டுமென்றால் எரிபொருள் தாங்கியின் அடிப்புறத்தை மட்டுமாவது தொடாமல் விடுங்கள். நாளை இதே கேள்வியைக் கேட்கப்போகும் இன்னொருவருக்கு அந்த ஒரு சாண் இடம் போதும்.