'எல்லாம் இருக்கு, தூக்கம்தான் வரல': கவுன்சிலிங்கில் உண்மையில் என்ன நடக்கும்? டெல்டாவில் எங்கே போகலாம்?

சுவாமிமலை முருகனுக்கு 'தகப்பன்சாமி' என்று ஒரு பெயர் உண்டு. அப்பா சிவனுக்கே மகன் பிரணவத்தின் பொருளைச் சொன்ன தலம் என்பது ஐதீகம். அப்பா கைகட்டி, வாய்பொத்தி, பிள்ளை சொல்வதைக் கேட்டார் என்பார்கள். அந்த 60 படிகளையும் ஏறி மனசில் இருக்கும் பாரத்தை முருகனிடம் இறக்கி வைக்க நமக்குத் தயக்கமே இல்லை. அதே பாரத்தை ஒரு மனநல டாக்டரிடம் சொல்லச் சொன்னால் மட்டும், "எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்ற கேள்வி வந்துவிடுகிறது.

காவிரி டெல்டாவில் இந்தக் கேள்விக்கு ஒரு விலை உண்டு. இங்கே மன அழுத்தம் ஒருநாள் வந்து மறுநாள் போகிற விஷயமில்லை. அது குறுவை, சம்பா, தாளடி என்று பருவத்தோடு சேர்ந்தே வருகிறது.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் தண்ணீர் வரவில்லை. 2020-ல்தான் அந்த ஜூன் 12 திரும்பக் கிடைத்தது. 2024-ல் மறுபடியும் ஜூலை 28 வரை காத்திருப்பு. நடுவில் 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. எல்லாம் கூடி வந்து நல்ல விளைச்சல் கண்டாலும், கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடுமோ என்று வானத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டியிருக்கிறது. வீட்டில் பெண்களுக்குக் குழு லோன் வசூல் நாள் என்றால் காலையிலேயே வயிற்றைப் பிசையும்.

சுவாமிமலையின் சிலை பட்டறைகளிலும் வேறு மாதிரி அழுத்தம் உண்டு. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்த பிறகுதான் சிலை எப்படி வந்திருக்கிறது என்பதே தெரியும். குறை பெரிதாக இருந்தால் பல நாள் வேலையும் உலையில் போய் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். ஆர்டர் கொடுத்தவர் தேதி கேட்பார்.

முதலில் ஒரு குழப்பம்: ஸ்ட்ரெஸ், பதற்றம், பர்ன்-அவுட் எல்லாம் ஒன்றா?

இல்லை. அழுத்தம் என்பது வெளியே இருக்கும் பாரத்துக்கு உடம்பும் மனசும் காட்டும் எதிர்வினை. பாரம் இறங்கினால் பெரும்பாலும் அதுவும் இறங்கும். பதற்றம் அப்படியில்லை. நெல் விற்றுக் காசு கைக்கு வந்த பிறகும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால், 'ஏதோ நடக்கப் போகுது' என்ற பயம் விலகாமல் இருந்தால், அது பதற்றக் கோளாறாக இருக்கலாம்.

பர்ன்-அவுட் என்ற சொல்லை 1974-ல் மருத்துவ எழுத்துக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். இலவச மருத்துவமனையில் சேவை செய்தவர்கள் எண்ணெய் தீர்ந்த விளக்கு மாதிரி ஆகிப்போனதைப் பார்த்து எழுதினார். உலக சுகாதார நிறுவனம் தன் ஐசிடி-11 பட்டியலில் இதை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்றுதான் குறிப்பிடுகிறது. அதற்கு மூன்று அடையாளங்கள்: தீராத களைப்பு, வேலை மீது வெறுப்பு அல்லது விலகல், 'நம்மால ஒண்ணும் உருப்படியா செய்ய முடியல' என்ற எண்ணம். இந்த வரையறை வேலை செய்யும் இடத்துக்கு மட்டும்தான் பொருந்தும் என்றும் அது சொல்கிறது. வீடும் வயலும் ஒன்றாக இருக்கும் ஒரு குத்தகை விவசாயிக்கு, அவருக்கு முன்னால் எழுந்து அவருக்குப் பின்னால் படுக்கும் அவர் மனைவிக்கு, 'வேலை இடம்' எங்கே முடிகிறது என்று யார் சொல்வது?

நம்ம ஊரில் இது எதுவும் இந்தப் பெயர்களோடு வருவதில்லை. 'உடம்பெல்லாம் அசதி', 'வாயுத் தொல்லை', 'தலை கனம்', 'நரம்புத் தளர்ச்சி' என்றுதான் கிளினிக் படி ஏறுகிறது. ஒரு சத்து ஊசி, கொஞ்சம் மாத்திரையோடு திரும்பிவிடுகிறது. உடம்பைச் சோதிப்பது தப்பில்லை. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை எல்லாமே இதே மாதிரி களைப்பைக் கொடுக்கும். அவையெல்லாம் சரியாக இருந்தும் களைப்பு போகவில்லை என்றால், அடுத்த கேள்வி மனசைப் பற்றியது.

சரி, உள்ளே போனால் என்ன செய்வார்கள்?

ஆறுதல் சொல்வார்கள், அறிவுரை சொல்வார்கள் என்பதுதான் பொதுவான நினைப்பு. அதற்கு டீக்கடையே போதும். உளவியல் சிகிச்சை என்பது முறை வைத்துச் செய்யும் வேலை. பெரும்பாலும் வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் அதிகம் ஆராயப்பட்ட முறை சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் உருவாக்கியது.

ஓர் உதாரணத்துக்கு ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். 45 வயது, நாலு ஏக்கர் குத்தகை. ராத்திரி 2 மணிக்கு இடிச்சத்தம் கேட்டு முழிப்பு வருகிறது. உடனே மனசில், "நெல்லு போச்சு, கடன்காரன் வாசல்ல நிப்பான், மானம் போச்சு". நெஞ்சு அடிக்கிறது, கை வியர்க்கிறது. போனை எடுத்து வானிலையைப் பார்க்கிறார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்கிறார். விடிந்துவிடுகிறது. பகலில் யாரையும் பார்க்கப் பிடிக்காமல் டீக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். சாயங்காலம் ஒரு குவார்ட்டர் போட்டால் கொஞ்சம் தூக்கம் வருகிறது, பிறகு நடுராத்திரியில் முழிப்பு.

முதல் சந்திப்பில் கேள்விகள்தான் அதிகம். தூக்கம், சாப்பாடு, குடி, வீட்டு நிலவரம், ஏற்கெனவே உள்ள நோய்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்பார்கள். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை, கேட்பது பாதுகாப்பானதுதான். 9 கேள்வி, 7 கேள்வி கொண்ட சின்னப் படிவங்களும் தரலாம். மனச்சோர்வும் பதற்றமும் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க அது ஒரு தெர்மாமீட்டர் மாதிரி.

அடுத்தடுத்த வாரங்களில் அந்த 2 மணி காட்சியைப் பிரித்துப் பார்ப்பார்கள். இடி இடித்தது என்பது நடந்த விஷயம். 'மானம் போச்சு' என்பது மனசு போட்ட கணக்கு. போன மூன்று வருஷத்தில் எத்தனை தடவை இப்படி நினைத்தீர்கள், அதில் எத்தனை தடவை அப்படியே நடந்தது என்று எழுதிப் பார்க்கச் சொல்வார்கள். கவலைப்படாதே என்று சொல்ல மாட்டார்கள். கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்கச் சொல்வார்கள்: சாயங்காலம் ஐந்தரை மணிக்கு 20 நிமிஷம், ஒரு நோட்டு, ஒரு பேனா. ராத்திரி வரும் கவலைக்கு, "நாளைக்கு அஞ்சரைக்கு வா" என்று பதில்.

நோட்டில் இரண்டு பத்தி. தார்ப்பாய் வாங்குவது, கூட்டுறவு சங்கத்தில் கடன் தவணை பற்றிப் போய்ப் பேசுவது, பயிர் காப்பீட்டுக்குக் கடைசித் தேதிக்குள் பதிவது என்பதெல்லாம் கையில் இருப்பவை. மழை கையில் இல்லாதது. முதல் பத்தியில் இருந்து ஒன்றே ஒன்றை அந்த வாரம் செய்ய வேண்டும். அதோடு மறுபடி டீக்கடைக்கு, ஒருநாள் விட்டு ஒருநாளாவது. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் மனச்சோர்வில் இருப்பவர் 'மனசு சரியானதும் வெளியே போகலாம்' என்று காத்திருக்கிறார். வெளியே போகாததாலேயே மனசு சரியாவதும் தள்ளிப்போகிறது. இந்தச் சிகிச்சை அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. மூச்சை மெதுவாக வெளியே விடும் பயிற்சி, தினமும் ஒரே நேரத்தில் எழுவது, குடியைக் குறைப்பது எல்லாம் இதோடு சேர்ந்து வரும்.

கடன் இருக்கிறவனுக்குக் கவுன்சிலிங் எதற்கு? பணம்தானே வேணும்?

நியாயமான கேள்வி. எந்தச் சிகிச்சையும் நெல்லைக் காய வைக்காது, அசலை அடைக்காது. சம்பளம் பாக்கி, 14 மணி நேர வேலை, ஆள் பற்றாக்குறை என்று இருக்கும் இடத்தில் பர்ன்-அவுட் ஆனவருக்கு மூச்சுப்பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்புவது, ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைப்பது மாதிரிதான். வேலைப்பளுவைக் குறைக்காத நிர்வாகம் கவுன்சிலிங் வகுப்பு நடத்துவதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம்.

ஆனால் பணக்கஷ்டம் உள்ளவர்களுக்கு இது பலன் தராது என்பதும் உண்மையில்லை. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் நடத்திய ஆய்வு 'லான்செட்' இதழில் வெளியானது. மனநல மருத்துவர்கள் இல்லாமல், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே ஆரம்ப சுகாதார நிலையங்களில் 6 முதல் 8 சந்திப்புகள் நடத்தினார்கள். மூன்று மாதத்தில், வழக்கமான கவனிப்போடு இந்தச் சிகிச்சையும் பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 39 சதவீதம். பாகிஸ்தானின் பெஷாவரில், வன்முறையால் பாதிக்கப்பட்ட பகுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து வார முறையை 346 பேரிடம் சோதித்தபோதும் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. பிரச்சினை அங்கேயேதான் இருந்தது. அதைச் சமாளிக்கும் தெம்பு கூடியது.

டெல்டாவுக்கும் இது புதிதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடலோரத்தில் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து மனநல ஆதரவுப் பணி நடந்தது. பக்கத்து புதுக்கோட்டை மாவட்டத்தில் 2010-ல் சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பு, பஸ்ஸுக்குள்ளேயே வீடியோ வழியாக மனநல டாக்டரைப் பார்க்கும் வசதியைத் தொடங்கியது.

மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கினால் போதாதா?

போதாது, ஆபத்தும்கூட. அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளைச் சீட்டு இல்லாமல் விற்பதே சட்டப்படி தவறு. கொஞ்ச நாளில் உடம்பு அதற்குப் பழகிவிடும், டோஸ் கூடும். தொடர்ந்து சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் பழக்கமாகாத வேறு மருந்துகள் உண்டு. பாதிப்பு கடுமையாக இருந்தால் மருந்தும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்தே தரப்படும்.

யாரிடம் போவது? ஊருக்குத் தெரிந்துவிடுமா?

மருந்து எழுதும் உரிமை மனநல மருத்துவருக்கு உண்டு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார், பேச்சு சிகிச்சையில் தேர்ந்தவர். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்கலாம், கேட்பதில் கூச்சமே வேண்டாம். 'கவுன்சிலர்' என்று போர்டு வைப்பவர்கள் எல்லாரும் அந்தப் படிப்பு படித்தவர்கள் இல்லை. முதல் நாளே முழுசாகக் குணப்படுத்துகிறேன் என்று உறுதி சொல்பவரையும், மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவரையும் தவிர்ப்பது நல்லது.

'பொண்ணு கல்யாணம் இருக்கு, வெளிய தெரிஞ்சா?' என்ற பயம் பலரைத் தடுக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களில் மட்டும் விதிவிலக்கு. உடல் நோய்க்குத் தருவது போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் பல பாலிசிகளில் ஆஸ்பத்திரியில் தங்கினால்தான் பணம். வாரா வாரம் போய்வரும் கவுன்சிலிங்குக்குக் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவாமிமலையில் இருப்பவர்களுக்கு மிகப் பக்கம் கும்பகோணம் அரசு மருத்துவமனை, எட்டு கிலோமீட்டருக்குள். சுமார் 35 கிலோமீட்டரில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு போட்டால் போதும், கட்டணம் இல்லை. கூட்டம் இருக்கும், டாக்டரோடு அதிக நேரம் கிடைக்காமல் போகலாம். அதனால் பேச்சு சிகிச்சைக்கு சைக்காலஜிஸ்டையோ சமூகப் பணியாளரையோ தனியாகப் பார்க்க முடியுமா, எந்த நாளில் வரலாம் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் முகாம் எந்த நாளில், எங்கே நடக்கிறது என்பதையும் அங்கேயே விசாரிக்கலாம்.

பஸ் ஏறவே தயக்கமா? 14416-க்குப் போன் போடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, படபடப்பு, எதிலும் ஆர்வமின்மை தொடர்ந்தால் காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஒருவர், "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்ற மாதிரி பேச ஆரம்பித்தால், 'சும்மா சொல்றாரு' என்று விடாதீர்கள். அவரைத் தனியே விடாமல், வயலுக்கு வாங்கிய மருந்துகளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண்: 044-24640050.