கிழமையில்லாத ஒரு நாள்: சம மாத நாட்காட்டிகளின் கதை

ஆண்டின் 365 நாள்களை ஏழால் வகுத்தால் 52 வாரங்கள் போக ஒரு நாள் மீதமாகும். சென்ற நூற்றாண்டில் உலக நாட்காட்டியைச் சீர்திருத்த முன்வைக்கப்பட்ட இரு பெரும் திட்டங்களும் இந்த ஒற்றை நாளில்தான் இடறி விழுந்தன.

முதல் திட்டம் இங்கிலாந்தில் ரயில்வே நிறுவனமொன்றில் பணியாற்றிய மோசஸ் காட்ஸ்வொர்த் 1902இல் வகுத்தது. மாதத்துக்கு 28 நாள். மொத்தம் 13 மாதங்கள். ஜூனுக்கும் ஜூலைக்கும் இடையே 'சோல்' என்றொரு புதிய மாதம். எல்லா மாதங்களும் ஞாயிறன்றே பிறக்கும். கோடாக் நிறுவனம் 1928 முதல் 1989 வரை தன் கணக்குகளுக்கு இதனையே பின்பற்றியது. ஆனால், 13 மாதங்களை நான்கு காலாண்டுகளாகப் பிரிக்க இயலாது.

அக்குறையைக் களைய முயன்றது எலிசபெத் அக்கெலிஸ் 1930 முதல் பரப்பிய 'உலக நாட்காட்டி'. பன்னிரண்டு மாதங்கள் அப்படியே நிற்க, காலாண்டு ஒவ்வொன்றும் 31, 30, 30 என 91 நாள்களாகச் சமப்படும். இரு திட்டங்களிலும் கணக்கில் வருவன 364 நாள்களே. எஞ்சும் நாள் எந்தக் கிழமையிலும் சேராமல் தனித்து நிற்கும்.

அங்குதான் சிக்கல் பிறந்தது. ஏழு நாளுக்கு ஒருமுறை ஓய்வுநாள் காக்கும் யூதருக்குக் கிழமை வரிசை அறுபடக் கூடாது. கிழமையற்ற நாளொன்று புகுந்தால், அவர்களுடைய புனித நாள் ஆண்டுதோறும் வெவ்வேறு கிழமைக்கு நகரும். 1931இல் ஜெனீவாவில் பன்னாட்டுச் சங்கம் கூட்டிய மாநாட்டில் பிரித்தானியத் தலைமை ரப்பி ஜோசப் ஹெர்ட்ஸ் இதனை வன்மையாக எதிர்த்தார்.

1953இல் உலக நாட்காட்டியை ஐக்கிய நாடுகள் அவையின் முன் வைத்தது இந்தியா. இயற்பியலாளர் மேகநாத் சாகா அதற்காக 1954இல் ஜெனீவாவில் வாதாடினார். மறு ஆண்டு சமயக் காரணங்களைச் சுட்டி அமெரிக்கா எதிர்த்தது. 1956இல் திட்டம் காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது.

அதே சாகாவின் தலைமையில் 1952இல் அமைந்த இந்திய நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவோ வேறு வழியை நாடியது. கிழமைகளை அது தொடவில்லை. மாதங்களைச் சமமாக்கவும் இல்லை. கோடையில் பூமி கதிரவனிலிருந்து விலகி மெதுவாகச் செல்வதால் அப்போதைய மாதங்கள் நீளும். தமிழ் மாதங்களில் ஆனி 32 நாள் வரை நீள்வதும் மார்கழி 29 நாளாகக் குறுகுவதும் இதனாலேயே. குழு இந்த இயல்பை ஏற்று, வைசாகம் முதல் பாத்ரபதம் வரை ஐந்து மாதங்களுக்கு 31 நாள் வகுத்தது, எஞ்சியவற்றுக்கு 30. லீப் ஆண்டில் மட்டும் சைத்திரத்துக்கு ஒரு நாள் கூடும். பஞ்சாங்கங்களில் ஏறத்தாழ 23 நாள் பின்தங்கியிருந்த ஆண்டுப் பிறப்பு, சமபகலிரவுக்கு அடுத்த நாளுக்கு மீட்கப்பட்டது. 1957 மார்ச் 22, சக ஆண்டு 1879 சைத்திரம் 1 ஆயிற்று.

இந்திய அரசிதழில் அத்தேதி இன்றும் அச்சாகிறது. ஆயினும் பண்டிகைகள் பஞ்சாங்கத்தின்படியும், அலுவல்கள் கிரகோரியன் நாட்காட்டியின்படியுமே நடக்கின்றன. உலக நாட்காட்டியை எதிர்ப்பு வீழ்த்தியது. தேசிய நாட்காட்டியை எவரும் எதிர்க்கவில்லை, ஏனெனில் எவருடைய வழக்கத்தையும் அது மாற்றவில்லை. நாட்காட்டியை வகுக்க வானியல் போதும். அதை வழக்காக்கச் சமூகத்தின் இசைவு வேண்டும்.