மும்பையில் பள்ளி இறுதி வகுப்பும் தமிழிலக்கியமும்

எழுத்தறிவு வேறு, இலக்கிய அறிவு வேறு. ஏழாம் வகுப்புவரை ஒரு பிள்ளை பயில்வது மொழியை. அதன்பின் பயில்வதே இலக்கியத்தை. குறுந்தொகைத் தலைவியின் துயரும், கண்ணகியின் சினமும் பதினான்கு வயதுக்கு மேற்பட்ட நெஞ்சிலேதான் வேர்கொள்ளும். மும்பை வாழ் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அப்பருவத்தில் இலக்கிய வாயில் எங்ஙனம் திறந்தது, எங்கே அடைபட்டது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடத்திட்டம் என்பது வெறும் பட்டியல் என்று எண்ணுதல் தவறு. எந்நூல் அச்சேறும், எந்நூல் ஏட்டிலேயே கிடக்கும் என்பதைக்கூட அது முடிவு செய்த காலம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. சீவக சிந்தாமணியின் நாமகளிலம்பகம் மட்டும் 1868இல் போவர் பாதிரியாரால் அச்சிடப்பெற்றது; அது பல்கலைக்கழக மாணாக்கர்க்குப் பாடமாய் அமைந்த பகுதியாகும். எஞ்சிய பகுதிகளோ ஏட்டிலேயே கிடந்தன. 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராய் அமர்ந்த உ. வே. சாமிநாதையரிடம், சேலம் இராமசுவாமி முதலியார் அக்காப்பியத்தைப் பற்றி வினவினார். அவ்வினாவின் பயனாக 1887இல் முழுநூலும் வெளிவந்தது. ஒரு பகுதி வகுப்பறையில் இடம்பெற்றது. ஒரு கேள்வி முழுமையையும் மீட்டது.

1902இல் அப்பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழ் முதலிய தாய்மொழிகளை நீக்கும் முயற்சி எழுந்தபோது, பரிதிமாற்கலைஞரும் மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும் எதிர்த்து நின்றனர். முந்திய ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் அவர்களுக்குத் துணைநின்றது. சங்கம் என்பது விழா எடுப்பதற்கு மட்டுமன்று, வகுப்பறையில் தமிழின் இடத்தைக் காப்பதற்கும் உரியது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி மும்பைக்கு வருவோம். தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தாராவியில் குடியேறினர். அங்கே 1924இல் ஒரு தமிழ்ப் பள்ளி தோன்றியது. அதுவே அப்பகுதியின் முதற் பள்ளி. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரே பள்ளியாகவும் விளங்கியது. பின்னர் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகள் பெருகின. ஆயினும் 1888ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் விதித்த கடமை தொடக்கக் கல்வியைப் பற்றியதே. மகாராட்டிர முறையில் நெடுங்காலம் ஏழாம் வகுப்போடு அக்கல்வி முற்றுப்பெற்றது. எட்டு முதல் பத்துவரை உயர்நிலையாய் இருந்தது. ஆகவே ஏழாம் வகுப்பைத் தேறிய பிள்ளைகளுள் மிகப் பலர் நெடுங்காலமாக ஆங்கில வழிக்கோ இந்தி வழிக்கோ மாற நேர்ந்தது. அல்லது பள்ளியையே விட நேர்ந்தது. இலக்கியம் தொடங்கும் இடத்தில் தமிழ் நின்றுபோயிற்று.

மாதுங்காவின் நிலை வேறு. 1896இல் பரவிய கொள்ளைநோயின் விளைவாக, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. அது வகுத்த மனைப்பகுதிகளில் தென்னிந்திய அலுவலர் பலர் குடியேறினர். அவர்தம் முயற்சியால் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் 1950களில் எழுந்தபின் செம்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் பெருகின. இங்கெல்லாம் உயர்நிலை வகுப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் மதிப்பெண் கருதியும், பணிமாற்றம் கருதியும் பெற்றோர் பலர் சமசுகிருதத்தையோ பிரெஞ்சையோ தேர்ந்தனர். தாராவியில் தமிழ் இருந்தது, மேல்வகுப்பு இல்லை. மாதுங்காவிலும் செம்பூரிலும் மேல்வகுப்பு இருந்தது, பெரும்பாலும் தமிழ் இல்லை.

வாழும் மண்ணின் மொழியைக் கற்பது நம் கடமை. எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயமாக்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாம் குறைகாண வேண்டுவதில்லை. தமிழைத் தடுக்கும் விதியும் இல்லை. மாநில வாரியத்தின் மொழிப்பாடங்களிலும், மத்திய வாரியத்தின் மொழிப்பாடங்களிலும் தமிழ் இடம்பெற்றுள்ளது. குறை விதியில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. மாணவர் இல்லையென்று ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லையென்று மாணவர் இல்லை. இந்தச் சுழலை அறுக்கத் தனித்த ஒரு பெற்றோரால் இயலாது. ஒரு சங்கத்தால் இயலும்.

பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், ஓர் ஆசிரியர், எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட இருபது பிள்ளைகள் போதும். தாராவிப் பிள்ளை தமிழைத் தடையின்றி வாசிப்பான். மாதுங்காப் பெண் வீட்டில் தமிழ் பேசுவாள். எழுத்துக் கூட்ட அறியாள். ஆனால் ஆங்கிலத்தில் கவிதையை நயம் காணப் பழகியிருப்பாள். இருவரையும் ஒரே பலகையில் அமர்த்தினால், ஒருவர் குறையை மற்றவர் நிறைப்பர். தாராவிக்கும் மாதுங்காவிற்கும் இடையே உள்ள தொலைவு, நடந்தே செல்லத்தக்கது. அத்தொலைவை நாம் இன்னும் நடக்கவில்லை என்பதே நம் குறை.

இராமசுவாமி முதலியார் அன்று கேட்டது ஒரு கேள்விதான். அத்தகைய கேள்வியை நம் பிள்ளைகள் கேட்க வேண்டுமாயின், கேட்பதற்கு உரிய நூல் ஒன்று உண்டு என்பதையேனும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அதனை அறிவிக்கும் பருவம் பள்ளி இறுதிப் பருவம். அது கடந்தால் மீளாது.