அரங்கேறாத பாடல்கள்

நம் மரபில் ஒரு நூல் எழுதி முடிக்கப்பட்ட அன்றே நூலாகிவிடுவதில்லை. அவையோர் முன் அரங்கேறிய பிறகே அது நூல் என்று மதிக்கப்பட்டது. அதற்கு முன்னர் ஆசிரியன் இல்லத்தில் கிடந்த ஏடு அவனுக்கு மட்டும் உரியது. அடிப்பான், திருத்துவான், வேண்டாமென்று தீயிலும் இடுவான். மேலைநாட்டு வெகுமக்கள் இசையிலும் அரங்கேற்றத்திற்கு முந்தைய இத்தகைய ஏடு ஒன்று உண்டு. 'டெமோ' என்பது அதன் பெயர். பாடலை இயற்றியவர், குழுவினருக்கோ தயாரிப்பாளருக்கோ வேறொரு பாடகருக்கோ அப்பாடல் எப்படிப்பட்டது என்று காட்டுவதற்காகப் பாடிப் பதிந்து தரும் மாதிரி அது. பொதுமக்கள் கேட்பதற்காக அது செய்யப்படுவதில்லை.

ஆயினும் கடந்த அரை நூற்றாண்டாக இம்மாதிரிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருக்கின்றன. சில திருட்டுத்தனமாக வந்தன. சிலவற்றைக் கலைஞர்களே, பிறந்த கதையையும் சேர்த்துச் சொல்லி வெளியிட்டார்கள். சில, இயற்றியவர் மறைந்த பின் பிறர் கையால் நிறைவு செய்யப்பட்டு வந்தன. முடிவுறாத ஒரு படைப்பு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. நான்கு நிகழ்வுகளைக் கொண்டு அதனை எண்ணிப் பார்க்கலாம்.

முதலாவது, பாப் டிலன். 1966 ஜூலை 29 அன்று நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக் அருகே மோட்டார் சைக்கிள் விபத்துக்குள்ளான அவர், இசைப் பயணங்களை நிறுத்திவிட்டு ஒதுங்கி வாழ்ந்தார். 1967இல், பிற்காலத்தில் 'தி பேண்ட்' என்று பெயர் பெற்ற தம் பக்கவாத்தியக் கலைஞர்களுடன் சேர்ந்து, முதலில் தம் வீட்டிலும், பிறகு வெஸ்ட் சாகர்ட்டீஸ் என்னும் ஊரில் 'பிக் பிங்க்' என்று அழைக்கப்பட்ட இளஞ்சிவப்பு வீட்டின் நிலவறையிலும் பாடிப் பாடிப் பதிந்தார். ஒலிநாடாக் கருவியை இயக்கியவர் ஆர்கன் வாசித்த கார்த் ஹட்சன். பழைய நாட்டுப்பாடல்கள், வேடிக்கைப் பாடல்கள், அப்போதே இயற்றிய புதுப்பாடல்கள் என யாவும் நாடாவில் ஏறின.

அவற்றுள் பதினான்கு புதுப்பாடல்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, பிற பாடகர்களுக்குக் காட்டுவதற்காக 'அசிட்டேட்' தட்டுகளாக அனுப்பப்பட்டன. அலுமினியத் தட்டின் மீது அரக்கு போன்ற பூச்சிட்டு, அதன் மேல் நேரடியாக வரி வெட்டிச் செய்யப்படும் அத்தட்டு சில பத்து முறை ஓட்டினால் தேய்ந்து போகும். நிலைத்திருக்கும் நோக்கம் அதற்கு இல்லை. அதைக் கேட்டு மான்ஃப்ரெட் மான் குழு பாடிய 'மைட்டி குவின்' 1968இல் பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. பேர்ட்ஸ் குழுவும், பீட்டர், பால் அண்ட் மேரி குழுவும் தத்தமக்குரிய பாடலை எடுத்துக்கொண்டன. தேய்ந்து போக வேண்டிய தட்டு தன் வேலையை முடித்துவிட்டது. ஆனால் தேயவில்லை, பிரதியெடுக்கப்பட்டது. 1969 கோடையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், ஒன்றும் அச்சிடாத வெள்ளை உறையில் இரு தட்டுகள் கொண்ட தொகுப்பொன்று இரகசியமாக விற்பனைக்கு வந்தது. 'கிரேட் ஒயிட் வொண்டர்' என்று வழங்கப்பட்ட அதில் நிலவறைப் பாடல்கள் சிலவும், 1961ஆம் ஆண்டின் பழைய பதிவுகளும் கலந்திருந்தன. ராக் இசையின் திருட்டுத் தட்டு வணிகம் அதிலிருந்தே தொடங்கியது என்பர்.

டிலனின் நிறுவனமான கொலம்பியா 1975இல்தான் 'தி பேஸ்மென்ட் டேப்ஸ்' என்னும் தொகுப்பை முறையாக வெளியிட்டது. அதன் இருபத்து நான்கு பாடல்களுள் எட்டு, டிலன் இல்லாமல் 'தி பேண்ட்' குழு மட்டும் பாடியவை. சில பதிவுகளில் புதிய வாத்திய ஒலிகளும் பின்னர் சேர்க்கப்பட்டிருந்தன. நிலவறையின் ஒலியைத் தேடி வந்த அன்பர்கள் இதனைக் குறையாகவே கருதினர். 2014இல் நாடாக்கள் செப்பனிடப்பட்டு, ஆறு குறுந்தட்டுகளில் 138 பதிவுகளாக, சேர்க்கை ஏதுமின்றி வெளிவந்தன. மூலபாடம் மக்கள் கைக்கு வர நாற்பத்தேழு ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். இங்கே கதை வேறு. 1979இல் டாஸ்காம் நிறுவனம் 'போர்ட்டாஸ்டூடியோ' என்னும் கருவியை வெளியிட்டது. சாதாரணக் கேசட்டிலேயே நான்கு தனித்தடங்களில் பதியலாம் என்பது அதன் புதுமை. ஒலிப்பதிவுக்கூடத்தின் படிகளை மிதிக்காமலே ஒரு பாடகர் தம் குரலின் மேல் இன்னொரு முறை தம் குரலையே சேர்க்க முடிந்தது. 1982 ஜனவரியில் நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக் என்னும் ஊரில், வாடகை வீட்டின் படுக்கையறையில், இரண்டு ஒலிவாங்கிகளும் இக்கருவியும் கொண்டு ஸ்பிரிங்ஸ்டீன் புதிய பாடல்களைப் பதிந்தார். குழுவினருக்குப் பாடலைக் கற்பிப்பதற்கான மாதிரி என்பதே எண்ணம். பாடல்களைப் பற்றிய குறிப்புகளை எழுதிக் கேசட்டுடன் தம் மேலாளர் ஜான் லாண்டாவுக்கு அனுப்பினார்.

பிறகு நியூயார்க்கில் முழுக் குழுவுடன் கூடத்தில் அப்பாடல்களை மீண்டும் பதிய முயன்றார்கள். தாளமும் கிதாரும் பெருகப் பெருக, பாடல்களில் வரும் தனித்து விடப்பட்ட மனிதர்கள் காணாமற் போனார்கள். உறைகூட இல்லாமல் பையிலேயே சுமந்து திரிந்த அந்தக் கேசட்டையே தொகுப்பாக வெளியிடுவது என்று இறுதியில் முடிவாயிற்று. வீட்டுக் கேசட்டின் மெலிந்த ஒலியை இசைத்தட்டின் வரிகளில் ஏற்றுவது எளிதாக இல்லை. ஒலிப்பொறியாளர்கள் பலவாறு முயன்ற பிறகே அது கைகூடியது. 1982 செப்டம்பர் 30 அன்று வெளிவந்த 'நெப்ராஸ்கா'வில் பத்துப் பாடல்கள் உள்ளன. அதே கேசட்டில் இருந்த 'பார்ன் இன் தி யூ.எஸ்.ஏ.' என்னும் பாடலுக்கு மட்டும் குழுவின் பேரொலி பொருந்தியது. 1984இல் அது உலகெங்கும் ஒலித்தது. ஒரே ஏட்டில் இருந்த பாடல்களுள் எது வரைவாகவே நிற்க வேண்டும், எது வளர வேண்டும் என்று பகுத்தறிந்தவர் இயற்றியவரே. குழுவுடன் பதிந்து அன்று விலக்கிய வடிவங்கள் 2025 அக்டோபரில் முறையாக வெளிவந்தன. பெரும்பாலோர் விஷயத்தில் வரைவு பின்னால் வரும். இங்கே 'திருத்திய படி' நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து வந்தது.

மூன்றாவது, தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட். வீட்டிலேயே எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்து முழுமையான மாதிரிகளைச் செய்வது அவர் வழக்கம். 1971இல் வந்த 'ஹூஸ் நெக்ஸ்ட்' தொகுப்பின் முதற்பாடலான 'பாபா ஓ'ரைலி'யில் நாம் கேட்கும் ஆர்கன் ஒலி, வீட்டு மாதிரியிலிருந்தே எடுக்கப்பட்டது. அதன் மேல்தான் குழு வாசித்தது. 1983இல் 'ஸ்கூப்' என்ற பெயரில் தம் வீட்டுப் பதிவுகளை இரண்டு தட்டுகளாகத் தாமே தொகுத்து, அவை பிறந்த சூழலைப் பற்றிய தம் குறிப்புகளுடன் வெளியிட்டார். 1987இலும் 2001இலும் அதன் தொடர்ச்சிகள் வந்தன. 1971இல் நிறைவேறாமல் போன 'லைஃப்ஹவுஸ்' என்னும் பெருந்திட்டத்தின் மாதிரிகளை 2000இல் ஆறு குறுந்தட்டுகளாகக் கொடுத்தார். தோற்றுப்போன திட்டத்தின் ஏடுகளை மறைக்காமல் முன்வைப்பதற்கு ஒரு துணிவு வேண்டும்.

டவுன்ஷெண்டின் குறிப்புகளை நம் பாயிரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பொருந்தும். நூலின் சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவற்றுள், ஆக்கியோன் பெயர், நூற்பெயர், பயன் முதலியவற்றோடு 'கேட்போர்' என்பதையும் ஒன்றாக நன்னூல் வைக்கிறது. இந்நூல் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை அறியாமல் நூலை அறிய முடியாது என்பது அதன் கருத்து. டெமோவைப் பொறுத்தவரை இதுவே தலையாய செய்தி. ஒரு நண்பனுக்காகப் பாடியதை ஊர் கேட்கும்போது குரலின் தடுமாற்றம் பிழையாகத் தோன்றும். கதையைக் கேட்ட பின்னர் அதுவே தேடலாக விளங்கும்.

நான்காவது நிகழ்வே மிகக் கடினமானது. ஜான் லென்னன் 1970களின் பிற்பகுதியில் தம் நியூயார்க் இல்லத்தில் பியானோவும் குரலுமாகச் சில பாடல்களைக் கேசட்டில் பதிந்து வைத்தார். 1980 டிசம்பர் 8 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1994இல் அவர் மனைவி யோகோ ஓனோ அந்நாடாக்களைப் பால் மெக்கார்ட்னியிடம் ஒப்படைத்தார். எஞ்சிய மூவரும் தம் வாசிப்பைச் சேர்த்து 'ஃப்ரீ ஆஸ் எ பேர்ட்' பாடலை 1995இலும், 'ரியல் லவ்' பாடலை 1996இலும் வெளியிட்டனர். 'நவ் அண்ட் தென்' என்னும் மூன்றாவது பாடலைத் தொடங்கிக் கைவிட்டார்கள். இரைச்சல் மிகுந்த அந்தக் கேசட்டில் பியானோவிலிருந்து குரலைப் பிரித்தெடுக்க அன்று வழியில்லை. ஜார்ஜ் ஹாரிசன் 2001இல் மறைந்தார். பீட்டர் ஜாக்சனின் 'கெட் பேக்' ஆவணப்படத்திற்காக உருவான கணினி நுட்பம் பின்னர் அந்தப் பிரிப்பைச் சாத்தியமாக்கியது. ஹாரிசன் 1995இல் வாசித்த கிதாரையும் சேர்த்துப் பாடல் 2023 நவம்பர் 2 அன்று வெளிவந்தது.

இங்கே இயற்றியவரிடம் ஒப்புதல் கேட்க இயலாது. இப்பாடலை இன்னும் மாற்றியிருப்பாரா, விட்டிருப்பாரா என்பதைச் சொல்ல எவருமில்லை. ஆயினும் நிறைவு செய்தவர்கள் அந்நியர் அல்லர். இளமை முதல் அவரோடு பாடியவர்கள். ஆகவே இதனை முற்றிலும் அத்துமீறல் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வேண்டும். 'ரியல் லவ்' பாடலின் வீட்டுப் பதிவொன்று 1988இலேயே 'இமேஜின்' ஆவணப்படத்தின் இசைத்தொகுப்பில் வந்திருந்தது. ஆகையால் அப்பாடலில் லென்னன் விட்டுச் சென்றது எது, தோழர்கள் சேர்த்தது எது என்று கேட்பவர் தாமே ஒப்பிட முடிகிறது. அந்த வாய்ப்பு எல்லா இடத்திலும் இருத்தல் வேண்டும்.

ஏடுகளைப் பதிப்பித்தவர்களிடம் நாம் எதிர்பார்த்ததும் இதுவே. சிதைந்த இடத்தில் ஊகித்து நிரப்பலாம்; நிரப்பிய இடம் இன்னதென்று காட்டாமல் விடலாகாது. 1975ஆம் ஆண்டின் நிலவறைத் தொகுப்பு அதைச் செய்யத் தவறியது. 2014ஆம் ஆண்டின் தொகுப்பு ஈடு செய்தது. இன்று எந்தக் குரலையும் கணினியால் பிரிக்கலாம், புதிதாகப் புனையவும் செய்யலாம். இந்நிலையில் ஒரு கலைஞர் தம் பழைய கேசட்டைத் தூசு தட்டி, எந்த அறையில், யாருக்காக, எந்த ஐயத்தோடு பாடினார் என்பதையும் சொல்லிப் பகிர்வாராயின், அந்தக் கதையே பாடலின் உண்மைக்குச் சான்றாக நிற்கும். பாடலோடு அதனையும் பாதுகாத்து வைப்பது கேட்போராகிய நம் கடமை.